சுரங்க கேட்டில் கருக்கரிவாள்

“மேடம், வெளியே வராதீங்க. முப்பது பேர் இருப்பாங்க. எல்லார் கையிலயும் அரிவாள்.”

போனில் பதறினார் செக்யூரிட்டி செல்வகுமார். சுரங்க கேட்டில் ஊர்க்காரர்கள் கூடினால் நெய்வேலியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறியல். பூட்டைப் போட்டுவிட்டு போலீசுக்கும் சொல்லியிருந்தார்.

யாரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள் சத்யப்பிரியா.

“பம்பு இன்ஜினியரம்மாவையாம்.”



சுரங்கத் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்புகள் அவள் பொறுப்பு. போன வாரம், கதிர் முற்றி நிற்கும் தை மாதத்தில், பேய் மழை. அந்தத் தண்ணீர் போகும் வாய்க்கால் சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களை ஒட்டி ஓடுகிறது. தண்ணீர் கரையைத் தொடப்போகிறது என்று தகவல் வந்ததும் பம்புகளை நிறுத்தச் சொல்லிவிட்டாள். தண்ணீர் சுரங்கத்துக்குள்ளேயே தேங்கி, நிலக்கரி வெட்டும் இயந்திரம் ஒன்று நின்றுபோனது. உற்பத்தி குறைந்தால் நீங்கதான் பதில் சொல்லணும் என்றார் மேலதிகாரி. சொல்கிறேன் என்றாள்.

ஆனால், சரியான நேரத்தில்தான் நிறுத்தினாளா? அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இதோ, மூழ்கிய பயிருக்கு நியாயம் கேட்க வந்துவிட்டார்கள்.

ஹெல்மெட்டுடனேயே கேட்டுக்கு நடந்தாள். செல்வகுமார் தடுத்துப் பார்த்தார். அவள் நிற்கவில்லை.

முன்னால் நின்ற ஆதிலட்சுமி என்ற விவசாயி கம்பியருகே வந்தார்.

“பம்பை நிறுத்தனது நீங்கதானுங்களா?”

“நான்தாங்க. எவ்வளவு நஷ்டம்னு சொல்லுங்க...”

“நஷ்டமா? கரைக்கு ஒரு சாண் கீழ நின்னுபோச்சுங்க தண்ணி. நெல்லு அப்படியே நிக்குது. அறுக்கற மெஷினு வயக்காட்டுல காத்துக்கினு இருக்குது. முதல் பிடி உங்க கையால அறுக்கணும்.” கதிர் அறுக்கும் கருக்கரிவாளைக் கம்பி வழியாக நீட்டினார்.

சத்யப்பிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தான் வாயால் சொன்னது மட்டும்தான், இடுப்பளவு சேற்றில் இறங்கி நிறுத்தியது தன் ஷிப்ட் ஆட்கள் என்றாள்.

“அவங்களையும் இட்டுக்கினு வாங்க. டிராக்டர் பொட்டி காலியாத்தான் கெடக்குது. பூட்டு போட்டவரும் வரலாம், அரிவாளுக்குப் பயப்படாம இருந்தா.”

செல்வகுமார் அசட்டுச் சிரிப்புடன் பூட்டைத் திறந்தார். போலீசுக்கு மறுபடி போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

ஷிப்ட் முடியும்வரை ஊரே கேட்டருகே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

மதியம் ஷிப்ட் ஆட்களோடு வந்து வயலில் இறங்கிய சத்யப்பிரியா, கோணல்மாணலாக ஒரு பிடி அறுத்தாள். ஆதிலட்சுமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டு வாசலில் கட்டப்போவதாகச் சொன்னார்.

மெஷின் உறுமியது. ஆனால் நகரவில்லை. பம்பு ஆட்கள் ஒருவர் விடாமல் வரப்பில் நின்று, தாங்களும் கையால் அறுக்க அரிவாள் கேட்டார்கள். மெஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டு இறங்கி நின்றார்.