தார்ப்பாய் பிடித்தவர்கள்

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அனார்கான் எழுந்து தன் கதையைச் சொன்னாள். சனிக்கிழமை மதியத்துக்குள் அவள் வீட்டுக்கு அரை மூட்டை மாவு, ஆட்டு வால்கொழுப்பு ஒரு துண்டம், குழந்தைக்குக் கம்பளிக் காலுறை, ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. கொண்டுவந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாயிரு என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். பாலத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அவள் கேட்டது பாலம். மாவட்டத்திலிருந்து வந்த இரும்பு உத்தரங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்தன. இரும்பு அரசாங்கத்தினுடையது, உழைப்பு ஊருடையது என்று ஏற்பாடு. மலைப்பனி உருகி ஆறு பெருகுவதற்குள், ஊரே ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்கு ஏறுவதற்குள், எல்லோரும் கூடி அஷார் என்னும் கூலியில்லாக் கூட்டு வேலை செய்து பாலத்தை முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் ஊர் சம்மதிக்காவிட்டால், திங்கட்கிழமை லாரி வந்து உத்தரங்களைப் பக்கத்து ஊருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அனார்கானுக்கு ஜூனில் பிரசவம். ஜூனில்தான் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். ஆஸ்பத்திரி அக்கரையில்.

தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள், "கணக்கு சொன்னா யாருக்கும் உறைக்காது, உங்க சொந்தக் கதையைச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தாள். இரண்டு நாள் பயிற்சி. இரண்டாம் நாள் அனார்கானின் மாடு கன்று போட்டது. முதல் நாள் பாடத்தை வைத்துக்கொண்டே அவள் மேடை ஏறிவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளத்தில் வழி அடைபட்டு, ஆற்றங்கரையில் டிராக்டர் டிரெய்லரில் வலியோடு கிடந்ததை உருகி உருகிச் சொன்னாள். ஊர் உருகத்தான் செய்தது. உருகி, மாவு கொடுத்தது.

ஓரகத்தி டில்டே உள்ளே வந்து மூட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டினாள்.

"ஏண்டி, நீ பாலம் கேட்டியா, பிச்சை கேட்டியா?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன், அக்கா. அழுதாங்களே எல்லாரும்!"

"அழுவாங்க, அழுவாங்க. என்னமோ ஆளில்லாத காட்டுல தனியா பெத்துக்கிட்ட மாதிரி சொன்னே. கொடி அறுத்தது யாரு? உங்க அப்பன் வந்தானா அறுக்க? நான் அறுத்தேன்! என் கத்தியால! அந்தக் கதையில நான் எங்கடி?"

டில்டேவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. நிஜமாகவே கோபம். வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தவள் இப்போது நிறுத்தவில்லை. வெந்நீர் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் ஓடினார்கள், யார் சும்மா நின்று புத்தி சொன்னார்கள் என்று கொட்டித் தீர்த்தாள். அனார்கான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்று, அவள் டில்டேவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். தன் கதையில் ஒரு இடம் விட்டுப்போனதற்கு இவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறதென்றால், அந்தக் கதை தன்னுடையது மட்டும் இல்லை.

"அக்கா, இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க. கரையில யார் யார் இருந்தாங்க?"

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கூட்டம் குறையவில்லை. முன்வரிசையில் எசன்கெல்தி, வெள்ளைக் கம்பளித் தொப்பியும் தடியுமாக. அனார்கானின் மாமனாருக்குத் தம்பி. அவர் தலையசைத்தால் ஊர் மண்வெட்டியைத் தூக்கும். வெள்ளிக்கிழமை அவர் தலையசைக்கவில்லை. "நம்ம அப்பன் பாட்டன் குதிரையிலதான் ஆத்தைத் தாண்டினான். பாலம் கேட்டு அழலை" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

ஊர்த்தலைவர் ஜுமாபெக் கடிகாரத்தைப் பார்த்தார். "மறுபடியும் அழப்போறியாம்மா?"

"இல்லைங்க. இன்னிக்கு உங்க கதை."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். "அன்னிக்கு ஆலங்கட்டி மழை. டிரெய்லருக்குக் கூரை கிடையாது. நாலு பேர் நாலு மூலையில தார்ப்பாய் பிடிச்சாங்க. ஒரு மூலையில ஜுமாபெக் அண்ணன். அப்போ தலைவர் இல்லை. கை மரத்துப்போச்சுன்னு கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டே பிடிச்சார், ஆனா விடலை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜுமாபெக் கடிகாரத்தை மறந்தார்.

"மருத்துவச்சி அக்கரையில நின்னு கத்துறா. தண்ணி இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலை. நம்ம கூபாத் தொண்டை கிழியச் சத்தம் போட்டு ஆடு கூப்பிடுறவன் இல்லையா, அவன்தான் தண்ணி ஓரம் நின்னு, அவ சொன்னதையெல்லாம் எனக்குத் திருப்பிக் கத்தினான். 'தலை தெரியுதான்னு கேக்குறா!' பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டிருக்கும் என் மானம்."

மன்றம் குலுங்கியது. கூபாத் காதுவரை சிவந்து தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டான். கொடி அறுத்த கத்தியைப் பற்றி அவள் சொன்னபோது டில்டே நிமிர்ந்து உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிறகு அனார்கான் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். அடுத்ததை இரண்டு வருடமாக இந்த ஊரில் யாரும் எசன்கெல்தி காதுபடப் பேசியதில்லை. பேசினால் தடியை ஊன்றி எழுந்து போய்விடுவார், அவர் பின்னால் முன்வரிசையும் போய்விடும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பயம்தான். ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஒருத்தர் மட்டும் தார்ப்பாய் பிடிக்கலை. என் உயர மாமா."

புருஷன் வீட்டுப் பெரியவர் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது. அவள் வைத்த பெயர் அது. யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

"மருத்துவச்சியைக் கூட்டிட்டு வரேன்னு, யார் தடுத்தும் கேக்காம அவர் சாம்பல் குதிரையோட ஆத்துல இறங்கினார். பாதி ஆறு தாண்டினார். குதிரையை ஆறு கொண்டுபோச்சு. கீழே வளைவுல கரையேறி நடந்து வந்து, நடுங்கிக்கிட்டே, கரையில கழட்டிப் போட்டிருந்த காஞ்ச மேலங்கியை எடுத்தார். தான் போட்டுக்கலை. என் பையனைச் சுத்தினார். வெள்ளத்துல பிறந்தவன், வெள்ளம்னு அர்த்தம் வர்ற மாதிரி 'தாஷ்கின்'னு பேர் வைன்னு சொன்னதும் அவர்தான். ஜூன்ல திரும்பவும் எனக்கு நாள். திரும்பவும் அவர் இறங்குவார். வேண்டாம்னா கேக்கமாட்டார். எனக்கு ஆஸ்பத்திரி போகப் பாலம் வேணும்தான். அதைவிட, அவர் இன்னொரு தடவை அந்தத் தண்ணியில இறங்காம இருக்கணும்."

எசன்கெல்தி தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"சாம்பல் இல்லை."

"மாமா?"

"செவலை. நெத்தியில வெள்ளைச் சுட்டி. என் குதிரையைப் பத்திச் சொன்னா ஒழுங்காச் சொல்லு."

அவ்வளவுதான், மடை திறந்தது. நான் 'தலை தெரியுதா'ன்னு கத்தவே இல்லை, 'மூச்சை இழுத்துப் பிடி'ன்னுதான் கத்தினேன் என்று கூபாத் எழுந்தான். கத்தினேடா, நான் பக்கத்திலேயே நின்றேன் என்று இன்னொருவன். மூன்றாவது மூலையைப் பிடித்தது தன் மகன்தான் என்று ஒரு கிழவி சண்டைக்கு வந்தாள். எசன்கெல்தி தடியால் தரையை ஓங்கித் தட்டினார்.

"வாயால பிடிச்சது போதும். காலையில ஆத்தங்கரைக்கு வந்து உத்தரத்தைப் பிடிங்க. அப்போ தெரியும் யார் பிடிச்சவன்னு."

திங்கட்கிழமை வந்த லாரியில் ஒரு உத்தரமும் ஏறவில்லை. கரையில் ஊரே நின்றது. பெரிய அண்டாவில் கறி கொதிக்க, டில்டே போர்சோக் பொரித்து எடுத்தாள். அனார்கான் மாவை உருட்டிக் கொடுத்தாள். அவளுக்கு வந்த அரை மூட்டை மாவுதான்.

"ஏண்டி, அந்தக் குதிரை செவலைன்னு உனக்குத் தெரியாதா?"

"அதுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் புல் போட்டவ நான்தானே அக்கா."

டில்டேவின் கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. ஆற்றின் நடுவிலிருந்து எசன்கெல்தியின் குரல் வந்தது. முதல் உத்தரத்தின் முனையைத் தோளில் வாங்கிக்கொண்டே அவர் பக்கத்து ஊர் லாரிக்காரனுக்கு, அந்தச் செவலை எந்த இடம் வரை வந்தது என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.