வாசலிலேயே உடைந்த குடம்

சுடுகாட்டில் உடைக்க வேண்டிய குடத்தைத் தியாகு வீட்டு வாசலிலேயே உடைத்தான். தோளில் நிற்குமா என்று ஒத்திகை பார்த்தவனை ஈர வேட்டி தடுக்கியது; குடம் நாலாய்ப் போயிற்று. பாடையில் கிடந்த அண்ணன் கணேசமூர்த்தி ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷமாகத் தம்பியின் லட்சணத்தைப் பார்த்தவர்.

“பாத்தீங்களா இவன் கைய?” அண்ணியின் தம்பி கருணாகரன் பந்தலுக்கே கேட்கும்படி கத்தினார். “கையெழுத்து போட்டு ஆளக் கொன்ன கை. இது கொள்ளி வைக்கணுமா? பிள்ள இல்லாட்டி என்ன, நான் வைக்கிறேன்.”

ஒரு மாதமாகக் கஜா பெராங் வட்டாரம் முழுக்க இதே பேச்சு. வயிற்றுப் புற்றைக் கத்தி தொட்டால் காற்றுப் பட்டு உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊரே சொன்னது. அண்ணி பூங்காவனம் ஆபரேஷனே வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில் தியாகுதான் கையெழுத்திட்டான். அன்றிலிருந்து அண்ணி அவனுக்குச் சோறு போடுவார். சோற்றோடு சாபமும் போடுவார். இரண்டையும் சிரித்துக்கொண்டே விழுங்கினான்.

சிரிக்காமல் விழுங்கியது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே, மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த வாரம், அண்ணனின் இடது காரை எலும்புக்கு மேல் பட்டாணி அளவில் ஒரு கட்டியைப் பார்த்தான். “என்னண்ணே, திடல்ல ‘மெர்டேக்கா’ன்னு கத்துனதுல ஒண்ணு வெளிய வராம சிக்கிக்கிச்சா?” என்றான். அண்ணன் சிரித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அதோடு விஷயமும் மூடிக்கொண்டது.

குடம் உடைந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பானைக்கடை பூட்டு. தியாகு பக்கத்தில், மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்துக்கு ஓடினான். அங்கே எல்லோருக்கும் அத்தையான காமாட்சி பீபி அடுப்பிலிருந்து பானையை இறக்கி, காலி செய்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, “அம்பெல்லா, அம்பெல்” என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவன் கையில் திணித்தாள். எவ்வளவு தேய்த்தும் புளியும் மீனும் மணத்தன.

“மீன் கொழம்புப் பானையா!” கருணாகரன் பறிக்க வந்தார். “பொணத்துக்கு முன்னாடியும் கோமாளித்தனமா? தள்ளுடா!”

தியாகு பானையை விடவில்லை. சிரிப்பும் வரவில்லை. பாடையின் தலைமாட்டில் நின்ற அண்ணியிடம் திரும்பினான்.

“அண்ணி, நேரா சொல்லுங்க. என் கையெழுத்தாலதான் பரவுச்சா? ஆமான்னா பானைய இவர்கிட்டயே குடுத்துடறேன்.”

பூங்காவனம் பானைக்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்தார். ஒரு மாதமாகக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காத மனிதருக்கு, கடைசிப் பயணத்தில் இந்த வாசம்.

“இல்ல,” என்றார்.

“அக்கா...”

“நீ சும்மா இரு கருணா. வயித்தத் தொறந்தாங்க, பாத்தாங்க, தொடாமலே தச்சிட்டாங்க. ஆஸ்பத்திரியில கட்டுப் போடற டிரஸ்ஸர் எங்கிட்ட சொன்னாரு. ஒடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி செல்லுங்க இருக்காம். ஒண்ணையொண்ணு கெட்டியாப் புடிச்சுக்கிட்டு இருக்குமாம். கெட்டுப்போனதுக்கு அந்தப் பிடி விட்டுடுமாம். ரத்தத்துலயும், ரத்தம் மாதிரி ஓடற இன்னொரு தண்ணியிலயும் மெதந்துபோயி, கல்லீரல்ல, கழுத்துல, எடம் கண்ட எடத்துல வேர் விட்டிருச்சாம். கழுத்துல கட்டி தெரிஞ்சப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு.” தியாகுவிடம் திரும்பினார். “அத நீ பாக்கறதுக்கு முன்னயே நான் பாத்தேன். கரையும்னு சுண்ணாம்பு தடவுனேன்.”

“தெரிஞ்சுமா அண்ணி என்னைய இத்தன நாளா...”

“யாரையாவது திட்டணும்லா. நீ ஒருத்தன்தான் சிரிப்ப.”

வாளித் தண்ணீரை மொண்டு பானையில் ஊற்றினார். அதைத் தூக்கி, தியாகுவின் இடது தோளில், காரை எலும்பை ஒட்டி அமர்த்தினார். அது நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.