அக்காவை முந்திய நாள்

அலமாரியிலிருந்து மூன்றாவது சட்டையை எடுத்து உதறியபோதுதான் சின்னவள் அந்தத் தையலைக் கவனித்தாள். இரண்டு பக்கமும், அக்குளிலிருந்து இடுப்பு வரை, ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. நூல் புதுசு. முதலில் எடுத்துப் போட்ட இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். அவற்றிலும் அப்படியே. நீலச் சட்டையில் மட்டும் இரண்டு வரிசைத் தையல். ஒரு முறை பிடித்தது போதாமல் இன்னொரு முறையும் பிடித்திருந்தார்கள்.

பின்னால் கட்டிலில் அக்கா கிடந்தாள். காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் உயிர் போனது. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும், அதற்குள் உடை மாற்ற வேண்டும். அக்காவின் மகள் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் கையை ஈரத் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் யாருடி பிடிச்சுத் தெச்சது?"

மகள் நிமிரவில்லை. "தையல் கடையில குடுத்ததுதான் சித்தி."

"எல்லாத்தையுமா?"

"ம்."

"எப்போ?"

அவள் துணியைக் கிண்ணத்தில் முக்கிப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள். "முதல்ல மழை சமயத்துல. அப்புறம் போன மாசம் ஒரு தடவை."

மழை விட்டு ஏழு மாதமாகிறது. சின்னவள் சட்டையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வயிற்றில் ஏதோ கிருமி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் திங்கட்கிழமை அத்தான் போனில் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவள் போய்ப் பார்த்தபோது அக்காவும் அதையேதான் சொன்னாள். "நான் இல்லேன்னு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்காத. நாளைக்கு நீ மட்டும் போய் ஓடு" என்றாள். இன்று வியாழன்.

"எத்தனை மாசமாடி?"

"சித்தி, அப்பாகிட்ட..."

"உன்னைத்தான் கேக்கறேன்."

"எட்டு."

வெளிக்கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"யார் யாருக்குத் தெரியும்?"

மகள் அம்மாவின் கையை மெல்லக் கீழே வைத்தாள். "எனக்கும் அப்பாவுக்கும். பஸ் டிப்போ மேனேஜருக்கு, லீவு வேணும்ல, அதனால. கீழ் வீட்டு டீச்சருக்கு, அவங்கதான் கீமோ ஊசி போடக் கூட்டிட்டுப் போவாங்க. அத்தைக்கு. அப்புறம் அம்மாகூட வண்டி ஓட்டறவங்க நாலஞ்சு பேருக்கு."

"கடைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கும். சட்டை தெச்சானே."

மகள் அழ ஆரம்பித்தாள். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க சித்தி. உங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

காலையிலிருந்து வாசலில் நின்று தான் சொல்லிக்கொண்டிருந்தது சின்னவளுக்கு நினைவு வந்தது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருந்தா. போன வாரம்கூட என்கூட ஓடினா. திடீர்னு இப்படிப் பண்ணிட்டா பாருங்க" என்று முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பாள். டிப்போ மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் அவள் தோளைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். துக்கத்தில் வாயடைத்துப்போய் நிற்கிறார்கள் என்று அப்போது நினைத்தாள். அவர்கள் கூச்சத்தில் நின்றிருக்கிறார்கள். அவளுக்காக.

நீலச் சட்டையையே போட்டார்கள். மகள் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சின்னவள் கையை நுழைத்துவிட்டாள். அக்கா எடையே இல்லாமல் இருந்தாள். இரட்டைத் தையலுக்குப் பிறகும் சட்டை தொளதொளவென்று கிடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னவளின் புருஷன் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனான். போனவன் போனவன்தான். அதன்பிறகு இரண்டு மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போகவில்லை, தலை வாரவில்லை, போனை எடுக்கவில்லை. ஒரு நாள் விடிகாலையில் அக்கா தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து போர்வையை உருவினாள். அவள் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து ஒரு ஜோடி ஷூவை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"வா, ஓடலாம்."

"விடுக்கா. எனக்கு அழுகையா வருது."

"ஓடிக்கிட்டே அழு. யார் வேணாங்கறா?"

முதல் நாள் இரண்டு மின்கம்பம்கூடத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் வாய்க்கால் பாலம் வரை போனார்கள். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஓடும்போதும் ஸ்டாப் பேரைக் கத்துவாள். "பாலம் வருது பாலம்! அழறவங்கல்லாம் இங்கயே இறங்கிக்கலாம், வண்டி இதுக்கு மேல அழுகைய ஏத்தாது!" எதிரில் நடந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மூச்சு வாங்கும்போது நெஞ்சில் வேறெதற்கும் இடமிருக்காது என்பதை அந்த வாய்க்கால் கரையில்தான் சின்னவள் தெரிந்துகொண்டாள். ஆறாவது மாதம் வேலைக்குத் திரும்பினாள்.

கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கண்ணை அரை அடி தூரத்தில் பார்க்கிறவள் அவள். அக்காவின் கண்ணில் மஞ்சள் படர்ந்ததையும் பார்த்தாள். கேட்கவும் கேட்டாள். "ஷிஃப்டு மாறி மாறிப் போடறாங்கடி, தூக்கமில்ல" என்றாள் அக்கா. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, "ஓடறப்ப கழுத்து வேர்க்குது" என்றாள். பாதித் தூரம் நடக்க ஆரம்பித்தபோது, "முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றாள். சின்னவள் எல்லாவற்றையும் நம்பினாள். அக்கா அவளிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் நகரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. அதில் முதல் முறையாக அவள் அக்காவை முந்தினாள். ஏழாவது கிலோமீட்டரில் பக்கத்தில் வந்து, தோளில் இடித்துவிட்டுக் கடந்து போனாள். முடிவுக் கோட்டில் அவள் இருபது நிமிடம் காத்து நின்ற பிறகுதான் அக்கா வந்தாள். வந்தவள் நேராக ஒரு லாரிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். அன்று மாலை இந்த வீட்டில்தான் சாப்பாடு. சின்னவள் கழுத்தில் போட்டிருந்த பதக்கத்தைக் கழற்றாமலே உட்கார்ந்து, "பஸ்ஸு பழசாயிடுச்சு அத்தான், ஏலத்துல விட்டுடலாமா?" என்றாள். அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் தண்ணீர் எடுக்கப் போனார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதக்கத்தை அவள் படுக்கைக்கு எதிரே ஆணியடித்து மாட்டியிருந்தாள். தன் வாழ்க்கையில் தானாகக் கால் ஊன்றி ஜெயித்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

அத்தான் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எதையாவது கழற்றிக்கொண்டே இருக்கும் கைகள் இன்று சும்மா தொங்கின.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல, இல்ல அத்தான்?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அவதாம்மா சொல்ல வேணாம்னா. உனக்குத் தெரிஞ்சா நீ மறுபடியும் படுத்துடுவேன்னு பயந்தா. இப்பத்தான் எழுந்து நடமாடறா, இதைச் சொல்லி அவளைச் சாச்சுடாதீங்கன்னா."

"நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவர் துவைக்கும் கல்லைப் பார்த்தார்.

"சொல்லுங்க. நான் உடைஞ்சுபோவேன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க. கீழ் வீட்டு டீச்சர்கூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம். கூடப் பொறந்தவ போகக் கூடாது. நான் அங்க வாசல்ல நின்னு, நல்லா இருந்தா நல்லா இருந்தான்னு பைத்தியம் மாதிரி சொல்லிட்டு இருக்கேன். ஒருத்தராவது என் வாயப் பொத்தியிருக்கலாமே!"

"மெதுவாம்மா. உள்ள ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களுக்குத் தெரியாதது எதுவும் நான் சொல்லிடல."

அவர் கை நீட்டினார். அவள் விலகி, பக்கவாட்டுச் சந்து வழியாக முன்வாசலுக்கு வந்தாள். அவள் ஷூ படியோரம் கிடந்தது. காலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. வாய்க்கால் கரையிலிருந்து அப்படியே மருத்துவமனைக்கு ஓடியவள். ஷூவுக்குள் காலை விட்டாள். நாடாவைக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது அக்காவின் நாத்தனார், "எங்கம்மா கிளம்பிட்ட? வண்டி வர்ற நேரம்" என்றாள். அவள் வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

மூன்று மணி வெயில். முதலில் வேக நடையாகத்தான் போனாள். மருந்துக் கடை தாண்டியதும் கால்கள் தாமாக ஓட ஆரம்பித்தன. துக்க வீட்டுக்கென்று யாரோ எடுத்துக் கொடுத்த வெள்ளை உடை முட்டியைத் தடுத்தது. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பாலம் வந்தது. அங்கே நிற்கவில்லை. ஓடினால் எல்லாம் இறங்கிவிடும் என்று மூன்று வருடமாக நம்பி வந்தவள். இன்று எதுவும் இறங்கவில்லை. மூச்சு இறைக்க இறைக்க அக்காவோடு ஓடிய ஒவ்வொரு விடிகாலையும் தெளிவாக முன்னால் வந்தது. இந்த மரத்தடியில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே, "சீக்கிரம் வாக்கா, நத்தை மாதிரி வராத" என்று இவள் கத்தினாள்.

பின்னால் கனத்த காலடி கேட்டது. தோல் செருப்பு தரையில் பட்டுப் பட்டென்று அறைந்தது. அத்தான்தான். வாழ்க்கையில் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர்.

"நில்லும்மா... ஒரு நிமிஷம்..."

அவள் நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. அவர் எப்படியோ பக்கத்தில் வந்துவிட்டார். முகம் சிவந்து வியர்வை கொட்டியது. ஓடிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, மூச்சுக்கு நடுவே சொன்னார்.

"உனக்காகன்னு... சொன்னேன்ல. அது பாதிதான். ஒரு நாள் அவகிட்ட சண்டை போட்டேன். தங்கச்சிகிட்ட சொல்லுடின்னு. அப்ப சொன்னா... வீட்ல எல்லாரும் என்னை நோயாளியாப் பாக்கறீங்க. அவ ஒருத்திதான் என்னைத் திட்டறா. காலைல அந்த ஒரு மணி நேரத்தையாவது எனக்கு விட்டுவைங்கன்னா."

வாய்க்கால் தண்ணீர் சலசலத்தது. சின்னவள் முன்னால் பார்த்தபடியே ஓடினாள்.

"அவளுக்கு வேணும்னா அதை என்கிட்ட கேட்டு வாங்கியிருக்கணும் அத்தான். நான் தெரிஞ்சே திட்டியிருப்பேன்."

"முடிஞ்சிருக்குமா?"

பத்து அடி ஓடிய பிறகு, "முடியுமா முடியாதான்னு பாக்கவாவது விட்டிருக்கணும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, மூச்சு வாங்கியதா என்று தெரியவில்லை. பிறகு அவருடைய காலடிச் சத்தம் தடுமாறி, பின்தங்கி, நின்றுபோனது.

அவள் இன்னும் கொஞ்ச தூரம் போனாள். பின்னால் அவர் இரண்டு முட்டிகளையும் பிடித்துக் குனிந்துகொண்டு இருமினார். இருமலோடு வேறொரு சத்தமும் சேர்ந்து வந்தது. காலையிலிருந்து அவர் அழுது அவள் பார்க்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாலும் போகவில்லை. வெள்ளை உடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து, அவர் மூச்சு சீராகிற வரை ஓடிக்கொண்டிருந்தாள்.