கோடு கறுக்காத கட்டு

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்து எடுத்து மாடிக்கு அனுப்பும் அறைக்கு அவள் பொறுப்பாளர். அன்று காலை அவள் கதவைத் திறந்ததும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு, குழாயை மூடியதுபோல் நின்றது. மெஷின்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டு கட்டும் அக்கா, மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். சிரிப்பின் கடைசித் துண்டு மட்டும் அவள் காதில் விழும். எதற்குச் சிரித்தார்கள் என்பது ஒருநாளும் தெரியவராது.

தனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். 'யாரு மேடம்.' எது நடந்தாலும் அவள் வாயில் முதலில் வரும் சொல் அது. யாரு வெச்சது, யாரு உடைச்சது, யாரு திறந்து போட்டது. பொறுப்பு என்றால் ஆளைக் கண்டுபிடிப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தப் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தபோது, அதை யாரு வெச்சது என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்காமல் விழுங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கையில் ஒரு கட்டோடு இறங்கி வந்தாள்.

"மேடம், இதப் பாருங்க. கோடு கறுக்கவே இல்ல. நல்லவேளை, பிரிக்கறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுது."

ஒவ்வொரு கட்டின்மேலும் ஒட்டும் பட்டையில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவி போதிய நேரம் பட்டால் அவை கறுக்கும். இதில் தேநீர்க் கறைபோல லேசாகப் பழுப்பேறி நின்றிருந்தன. பாதியில் எடுத்த கட்டு. இதோடு சேர்ந்து இன்னும் எத்தனை மாடிக்குப் போயிருக்கின்றன? எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தால் அன்றைய ஆபரேஷன்கள் அத்தனையும் நின்றுபோகும். வரவழைக்காமல் விட்டால், அவற்றில் இருக்கும் கிருமி சாகாத கத்தரி யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் போகும்.

"யாரு இத எடுத்து வெச்சது?"

மெஷின்காரர் தரையைப் பார்த்தார். "தெரியல மேடம்."

"நானும் இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் அக்கா.

இரண்டும் பொய் என்று முகமே சொன்னது. குரலை உயர்த்த அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

வேறொரு ஊரில் இருக்கும் மகள் வேலையை விட்டு இரண்டு மாதமாகிறது என்பதை ஓர் உறவுக்காரர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று போனில் கேட்டாள். "சொன்னா, யாரு மேல தப்புன்னு கேப்பம்மா. அதுக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல," என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். களைப்பாகச் சொன்னாள். அன்றைக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடியே அவள் சாப்பிட்டு முடித்தாள்.

இப்போது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்டால் பழைய கேள்வியே வந்துவிடும்போல் இருந்தது.

"யாருன்னு எனக்கு வேண்டாம். என்ன ஆச்சு? அத மட்டும் சொல்லுங்க. மாடியில இருக்கறத நாம திரும்ப எடுக்கணும்."

அந்த 'நாம' அவள் காதுக்கே புதிதாக இருந்தது.

மெஷின்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, "மெஷின் பாதியில நின்னுபோச்சு மேடம். கதவு ரப்பர்ல ஆவி கசியுது, திங்கக்கெழமையிலேர்ந்தே. சொன்னா யாரு கெடுத்தான்னு கேப்பீங்கன்னு..." நிறுத்தினார். "ஆறு கட்டு. நீங்க மீட்டிங் போனதும் மறுபடி போட்டுக்கலாம்னு அலமாரியில பின்வரிசையில மறைச்சு வெச்சேன்."

"ஐயோ, அது ஆனதுன்னு நெனச்சு நான்தான் நாலு எடுத்து அனுப்பிட்டேன்," என்றாள் அக்கா. "அவசரத்துல கோட்டப் பாக்கல. ஏன்யா, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

நாலில் ஒன்று, நர்ஸ் கொண்டுவந்தது, மேஜைமேல் இருந்தது. மீதி மூன்று. அவள் தியேட்டருக்குப் போன் செய்தாள். கட்டின் எண்களை மெஷின்காரர் சொல்லச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். மூன்றும் பிரிக்கப்படாமல் கிடைத்தன. மூன்றாவதைப் பிரிக்க ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு ஆபரேஷன் மட்டும் அரை மணி தள்ளிப் போனது.

போனை வைத்தாள். ரப்பரை மாற்ற ஆள் வரச் சொல்லி எழுதினாள். அதுவரை அந்த மெஷினை நிறுத்திவைக்கச் சொன்னாள்.

"திங்கக்கெழமையே எங்கிட்ட சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், "நீங்க பயமில்லாம சொல்ற மாதிரி நான் கேட்டிருக்கணும்," என்று முடித்தாள்.

அக்கா துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். யாருன்னு கேட்டா, நாங்க எங்களக் காப்பாத்திக்கத்தான் பாப்போம். என்ன ஆச்சுன்னு கேட்டா, நோயாளியக் காப்பாத்தலாம். ஒரு வார்த்ததான் வித்தியாசம்."

மதியம் அவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது பேச்சு வழக்கம்போல் நின்றது. பதினோரு வருஷக் கறை ஒரே கழுவலில் போகாது என்பது கழுவும் அறைக்காரியான அவளுக்குத் தெரியாதா என்ன. டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து, மகளை அழைத்தாள்.

"என்னம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமகூட இல்லையே. ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லடி. அங்க என்ன ஆச்சுன்னு சொல்லேன். சொல்லணும்னு தோணுனா சொல்லு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

மறுமுனையின் மௌனத்தில் சொருக அவளிடம் நூறு கேள்விகள் இருந்தன. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"முதல்லேர்ந்து சொல்லவாம்மா?"

"சொல்லு கண்ணு."