ஆஸ்திரேலியாவுக்கு மேலே சிவப்பு நட்சத்திரம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு குப்பை. 2007 தீபாவளிக்கு மறுநாள், ஆமத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பஸ் வருவதாக இல்லை. காலடியில் பட்டாசுக் காகிதம் குவிந்து கிடந்தது. சும்மா இருக்கத் தெரியாத கை ஒரு துண்டை எடுத்தது. நீல நிறம். அதில் வெள்ளைக் கரை கட்டிய ஒரு சிவப்பு நட்சத்திரம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ‘ஆஸ்திரே’ வரைக்கும் இருந்தது. மிச்சம் வெடியோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மகளின் அட்லஸைப் புரட்டினேன். ஆஸ்திரேலியக் கொடியில் நட்சத்திரங்கள் எல்லாம் வெள்ளை. சிவப்பு, நியூசிலாந்துக்காரர்களுடையது. அப்படியானால் யாரோ ஒருவர் கொடியை மாற்றி வைத்திருக்கிறார். யார் அவர், அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை எழுதியிருக்கமாட்டேன்; நேரில் போய் நலம் விசாரித்துவிட்டு வந்திருப்பேன்.

ஆகவே கீழே வருகிற ஆட்கள் எல்லோரும் நான் கட்டியவர்கள். ஆட்டங்களின் முடிவுகள் மட்டும் நான் கட்டியவை அல்ல. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ‘சிவகாசியின் வானம் அன்று—’

வேண்டாம். சிவகாசி என்று எழுதியதுமே நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகிவிடுகிறீர்கள். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. யாருக்கும் ஒரு நகக்கண்கூடப் போகாது. நிம்மதியாகப் படியுங்கள். [தீபாவளியன்று வெடித்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.]

இரண்டாம் தொடக்கம்: ‘ரக்பி என்பது பதினைந்து பதினைந்து பேராக இரண்டு அணிகள், உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தை—’

இதுவும் வேண்டாம். விதிகள் எனக்கே சரியாகத் தெரியாது.

மூன்றாவது: பாண்டிச்செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

3

ஆனால் அவள் பார்த்தது என்ன என்று சொல்ல, இரண்டு நாள் பின்னால் போகவேண்டும்.

பாண்டிச்செல்வி சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவள். அம்மா அய்யம்மாளும் அக்காவும் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறார்கள். வேலைவிட்டு வந்து, கையில் வெடிமருந்து வாசனை இல்லாமல் சோற்றில் கை வைக்கிற முதல் ஆள் அந்த வீட்டில் இவள்தான். அதற்காக அம்மா அவளுக்கென்று ஒரு தட்டைத் தனியாக வைத்துக் கொண்டாடினாள்.

ஆகஸ்டில் சென்னை ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ரக்பி உலகக்கோப்பைக்கான சுவர் அட்டவணை. இருபது நாட்டுக் கொடிகள், பழைய வெற்றிகள், வீரர்களின் படங்கள். அதை அடித்து முடித்த நாளிலிருந்து அச்சகத்தின் நாலு மணி டீ, ரக்பி டீ ஆகிவிட்டது. அட்டவணைகளில் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதன் கீழே நின்றுதான் குடிப்பார்கள். அவர்களில் ஆட்டத்தை டிவியில் பார்த்தவர் மேனேஜர் ராஜபாண்டியன் ஒருவர்தான். மற்றவர்கள் ஆட்டத்தை அச்சடித்து மட்டுமே அறிந்தவர்கள்.

மெஷின்மேன் முனியராஜுக்கு நியூசிலாந்துதான் எல்லாம். “கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு, நாக்கை நீட்டிக்கிட்டு, தொடையத் தட்டிச் சாமியாடுறாக பாத்தீகளா? அம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல சாமி எறங்குது. அவுகள எவன் செயிக்க?” என்பார்.

அந்தப் புதன்கிழமை டீக்கு முதலாளி தனுஷ்கோடியும் வந்து நின்றார். சனிக்கிழமை இரண்டு காலிறுதி: ஆஸ்திரேலியா–இங்கிலாந்து, நியூசிலாந்து–பிரான்சு. அவற்றில் ஜெயித்து அரையிறுதியில் மோதப்போகிற இரண்டு அணிகளின் சுவரொட்டி, ஞாயிறு சாயங்காலம் லாரி ஏறவேண்டும். ஆனால் தீபாவளி லேபிளும் காலண்டரும் வரிசையில் நிற்கிற சீசன். வியாழன், வெள்ளி விட்டால் மெஷின் காலி இல்லை.

“மாப்ள, எவன் செயிப்பான்னு இப்பமே சொல்லு, அடிச்சுப் போட்ருவோம்,” என்றார்.

ராஜபாண்டியன் அவருக்குத் தங்கை மகன். கல்லூரிக் காலத்தில் சென்னையில் ரக்பி ஆடிப் பல்லொன்றை இழந்தவர் என்பதால், இந்த விஷயத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

“சந்தேகமே வேண்டாம் மாமா. இங்கிலாந்து, தென்னாப்பிரிக்காகிட்ட முப்பத்தாறுக்கு சைபர்னு தோத்தவன். ஆஸ்திரேலியா அவன மென்னு துப்பிரும். பிரான்சு சொந்த ஊர்ல மொத மேட்ச்சையே அர்ஜென்டினாகிட்டக் குடுத்தவன். நியூசிலாந்த அவன் என்னத்தச் செய்வான்?”

“அப்ப ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. போடு,” என்றார் முதலாளி.

பாண்டிச்செல்வி பக்கம் அமைத்தாள். ராஜபாண்டியன் ப்ரூஃப் பார்த்து ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐயாயிரம் தாள் ஓடியது. வெள்ளிக்கிழமை டீயின்போது கடைசித் தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, சுவருக்கு எதிரே நின்றபோதுதான், ஆஸ்திரேலியாவின் பெயருக்கு மேலே நட்சத்திரங்கள் சிவப்பாக இருப்பதை அவள் கண்டாள்.

4

(ஒரு சின்னக் குறிப்பு. இப்படி ஒரு தவறு எப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ப்ரூஃப் என்பது கறுப்பு வெள்ளை லேசர் தாள். இரண்டு கொடியிலும் மூலையில் அதே கோடுகள், அதே நீலம், நட்சத்திரங்கள். கறுப்பு வெள்ளையில் சிவப்பு சாம்பலாகிவிடும். முனியராஜைக் குற்றம் சொல்லவும் முடியாது. கலர் விலகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சிவப்பு நட்சத்திரம் அப்படி அழகாக உட்கார்ந்திருந்தது.)

உடனே முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த நல்லசிவம், போன வருஷம் ஒரு காலண்டரில் அமாவாசையை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டான். “அமாவாசையத் தள்ளுறவன் நாளைக்குப் பொங்கலையும் தள்ளுவான்,” என்று முதலாளி அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் பாண்டிச்செல்விக்கு இருக்கிற இடம் அம்மாவுக்குப் பக்கத்தில், திரிக் கட்டுக்கு முன்னால். கையைக் கழுவக் கழுவப் போகாத அந்த வாசனையை நினைத்தாள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. சனிக்கிழமை இரண்டு பேரும் தோற்கவேண்டும். ஒருவர் தோற்றால் போதுமே என்கிறீர்களா? ஒருவர் தோற்றால், ஜெயித்தவனின் பாதியை வெட்டி ஒட்டலாமா என்று முதலாளி தாளைக் கையில் எடுத்து உற்றுப் பார்ப்பார். இரண்டு பேரும் தோற்றால் ஐயாயிரமும் ஒரே கட்டாகக் குப்பை. குப்பையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. [என்னைத் தவிர.]

5

சனிக்கிழமை டீ.

“எனக்கென்னமோ இங்கிலாந்து செயிக்கும்னு தோணுதுண்ணே,” என்றாள் பாண்டிச்செல்வி.

முனியராஜ் டீயைத் துப்பாத குறை. “ஏ புள்ள, ஒனக்கு மெண்டலா?”

“போன தடவை கப்பு ஆருக்கு? இதே ஆஸ்திரேலியாவ ஃபைனல்ல செயிச்சு அவுகதான வாங்கினாக? நாந்தான டைப் அடிச்சேன். இந்தா, செவத்துலயே இருக்கு பாருங்க.”

“சரி, அது போகட்டும். எஞ் சாமியாடிக?”

“தொண்ணூத்தொம்பதுல செமிஃபைனல்ல இதே பிரான்சுதான் ஒங்க சாமியாடிகளக் கவுத்துச்சு. அதுவும் செவத்துல இருக்கு.”

முனியராஜ் கிட்டப் போய்ப் படித்துவிட்டு, அட்டவணையே தன்னை ஏமாற்றிவிட்டது போல விலகி நின்றார். எல்லோரும் தீர்ப்புக்காக மேனேஜரைப் பார்த்தார்கள். புதன்கிழமை சந்தேகமே வேண்டாம் என்றவர், டம்ளரைச் சுற்றிக்கொண்டே, “பாண்டிச்செல்வி சொல்றதும் நடக்கலாம். நாக்-அவுட்டுல எதுவும் நடக்கும்,” என்றார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கன்குடி மாரியம்மனை நினைத்துக்கொண்டாள். அம்மனுக்கு ரக்பி தெரியுமா என்கிற கவலை வந்தது. அதனால் விளக்கமாகவே வேண்டினாள்: தாயே, வெள்ளைச் சட்டையும் நீலச் சட்டையும் செயிக்கணும், மஞ்சச் சட்டையும் கறுப்புச் சட்டையும் தோக்கணும். மாவிளக்கு எடுக்கிறேன்.

6

இனி வருவதை நான் திருப்பமாக வைத்திருந்தால் எந்தப் பத்திரிகையும் வாங்காது. ஆனால் இது நடந்தது. 2007 அக்டோபர் 6, ஒரே நாளில், மார்சேயில் இங்கிலாந்து 12, ஆஸ்திரேலியா 10. கார்டிஃபில் பிரான்சு 20, நியூசிலாந்து 18. இரண்டு ஆட்டத்திலும் இரண்டே இரண்டு புள்ளி வித்தியாசம். எனக்கு இத்தனை துணிச்சல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரவுசிங் சென்டரின் ஷட்டர் ஏறும்போதே பாண்டிச்செல்வி வாசலில் நின்றாள். முதல் முடிவு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இருபது, பதினெட்டு. “அப்பாடா,” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பரீட்சை ரிசல்ட் என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர், “விடும்மா, அட்டெம்ப்ட் எழுதிக்கிடலாம்,” என்று தேற்றினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாகச் சோறு இறங்காத வயிறு அங்கேயே பசித்தது.

7

அச்சகத்தில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். கட்டுக்கட்டாக அடுக்கிய தாள்களுக்குப் பக்கத்தில் ராஜபாண்டியன் நின்றார்.

“ஏலே, ரக்பி ரக்பின்னு பீத்துனியே! ரெண்டுல ஒண்ணாவது செயிக்கக் கூடாதா? அம்புட்டும் போச்சுலே! பல்லு போனப்பவே ஒனக்கு புத்தியும் போயிருச்சு!”

“தப்பு என்னுதுதான் மாமா,” என்றார் ராஜபாண்டியன்.

பாண்டிச்செல்விக்கு மனசு சங்கடப்பட்டது. அவள் தப்பிக்க, அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் வசவு வாங்கினார். உண்மையைச் சொன்னால் அவர் பாரம் இறங்கும். கணிப்பு பலித்திருந்தாலும் இந்தத் தாள் குப்பைதான் என்று ஆகிவிடும். ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டு வாங்குகிறவரின் முகமாக அது இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு பிரவுசிங் சென்டர்க் கண்ணாடியில் அவள் பார்த்த தன் முகமாக இருந்தது. பேசிக்கொண்டே அவர் கை பின்னால் போய், கட்டின் மேலே இருந்த தாளை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தது.

ஓகே போட்ட கையெழுத்து அவருடையது அல்லவா.

அவள் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

8

முடிவுகள்.

அ) அந்தத் தாள்கள் எடைக்குப் போய், தாயில்பட்டியில் பட்டாசுக் குழாய் சுற்றுகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து அய்யம்மாள் கைக்கே திரி சொருக வந்து— [எனக்கே வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

ஆ) இருபது வருஷம் கழித்து இருவரும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, சிரித்து— [அத்தனை வருஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.]

இ) அன்றே, முதலாளி லேபிள் வேலையை நிறுத்தி மெஷினைக் காலி செய்த அரைமணி நேரத்தில், இங்கிலாந்து–பிரான்சு சுவரொட்டியைப் பாண்டிச்செல்வி அமைத்தாள். வெள்ளையில் ஒரு சிவப்புச் சிலுவை. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் மாற்றிவிட முடியாத இரண்டு கொடிகள். ப்ரூஃபை எடுத்துக்கொண்டு மேனேஜர் மேஜைக்குப் போனாள். அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

“கலர்ல ஒண்ணு எடுத்துட்டு வாயேம்மா,” என்றார், நிமிராமல்.

“எடுத்துட்டேன் சார்,” என்று, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த தாளை நீட்டினாள்.

இருவரும் பேசியிருப்பார்களா? பேசாமலே இருந்திருப்பார்களா? நான் எழுதப்போவதில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்காத இரண்டு பேர் இப்போதுதான் சாப்பிடப் போகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாக்குமூலம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பக்கமும் கறுப்பு வெள்ளைதான். நான் எங்கே எதை மாற்றி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நிதானமாகப் பாருங்கள். அப்புறம் ஓகே போடுங்கள்.