புது வயர் வந்த அன்று

கல்யாண வீடியோக் கடையில், தம்பி இறந்த பிறகும் அக்கா ஒரு பழக்கத்தை விடவில்லை. முன்னறைக் கணினியில் கேமரா கார்டைச் செருகிவிட்டு உள்ளறைக்குப் போய், "ஆச்சாடா?" என்று குரல் கொடுப்பாள். படங்கள் ஏறி முடிய வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் முன்னறையில் தம்பி உட்காரும், இப்போது ஆளில்லாத நாற்காலியிலிருந்து, "இன்னும் கொஞ்சம்க்கா" என்று பதில் வரும். யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. அந்தக் குரலுக்காகத்தான் கடைக்கே வந்துகொண்டிருந்தாள்.

அன்று கணவர் புதுக் கணினியும் கார்டை மாட்டும் புது வயருமாக வந்து நின்றார்.

"பழசே போதுங்க."

"எது, அந்த ஆமையா? அது ஏத்தி முடிக்கறதுக்குள்ள கல்யாணப் பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும். இது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிடும், பாரேன்."

பழைய வயரைக் குப்பையில் போட்டுவிட்டு, பழைய கணினி இருந்த இடத்தில் புதியதை வைத்து, கார்டை அவரே செருகினார். சிரித்துக்கொண்டே கடைவாசலுக்குப் போனார்.

அவள் உள்ளறைக்கு ஓடினாள். திரையில் பச்சைக் கோடு நிறைவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

"ஆச்சாடா?"

 முன்னறையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"ஆச்சுக்கா," என்றது தம்பியின் குரல். "நான் கிளம்பறேன்."

காலடிச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று. கதவருகே நின்றிருந்த கணவர், யாருக்கோ வழிவிடுவதுபோல் சற்றே ஒதுங்கி நின்றார்.