ஜன்னலுக்கு வெளியே ஓர் ஏரி

...அதுவும் அந்த வாத்து நொண்டும் என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம், வெறும் ஏரி என்பதோடு நிறுத்தியிருந்தால் எப்படியாவது சமாளிக்கலாம், வெயிலில் வற்றிவிட்டது, மண்ணடித்து மூடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள், எங்கும் நடக்காததா, ஆனால் நொண்டி வாத்துக்கு என்ன பதில் சொல்வது, அது எங்கே போச்சு என்று மகள் கேட்பாளே... இப்படி நினைத்தபடியே அவன் வழுக்கைத் தலைக்காரரின் காதோரத்தில் கத்திரியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. காதுகளுக்கு மேலே கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான் அவருடைய சொத்து. இன்று சலூனில் வரும் காசெல்லாம் மகளின் கண் வைத்தியத்துக்கு என்று கதவில் எழுதி ஒட்டியதிலிருந்து இப்படித்தான், போன வாரம் வெட்டிக்கொண்டு போன எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறான், சீப்பையே மறந்துபோன வேன் டிரைவர் வந்திருக்கிறான், வழுக்கைக்காரரோ இருக்கிறதை ஒழுங்கு பண்ணுப்பா என்று நாற்காலியில் ஏறி ராஜா மாதிரி சாய்ந்துவிட்டார். நல்ல மனிதர்கள். இத்தனை நல்ல மனிதர்கள் ஒன்றாக வந்து உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது, அது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்கக் காலையிலிருந்து அவனுக்குக் கை ஒழியவில்லை.

பெஞ்சில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள் மகள். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை, வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு, தெருவில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். ரேடியோ இப்போது ஏரியைத்தான் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேராக ஏரிதானாம், சிவப்புப் படகு ஒன்று கட்டிக் கிடக்குமாம், தூண்டில் போடும் தாத்தாவுக்கு ஒரு நாளும் மீன் மாட்டாதாம். எலக்ட்ரீஷியன் நிமிர்ந்து கண்ணாடி வழியாக இவனைப் பார்த்தான். பார்க்காமல் என்ன செய்வான், அந்த ஜன்னலுக்கு எதிரே நிற்கிற கிடங்குக்கு ஒயரிங் செய்தவனே அவன்தான், ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பது கிடங்கின் பின்சுவர் என்பதும், பாசி பிடித்த அந்தச் சுவரில் ஒழுகும் குழாய் ஒன்றைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியாதா. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி இவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தேவையே இல்லாமல் வழுக்கைத் தலையில் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் அடித்தான்.

யார் திட்டம் போட்டு ஏரி வெட்டினார்கள்... அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், பேச்சு வந்த புதிது, ஜன்னல் கம்பி வலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெளிய என்னப்பா இருக்கு என்று கேட்டாள். சுவர் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கொதிக்கிற கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்கிற குழந்தையிடம் எந்த அப்பன் சுவர் என்று சொல்வான், வாயைத் திறந்தான், ஏரி என்று வந்துவிட்டது. அவளும் உடனே, ஆமாப்பா தண்ணி சத்தம் கேக்குது என்றாள். குழாய் சாட்சி சொல்லிவிட்டது, பிறகு என்ன, நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் நாள் முழுக்க அளந்துவிட்டுப் பழகிய வாய், வீட்டுக்குப் போனால் மட்டும் சும்மா இருக்குமா, படகு வந்தது, தாத்தா வந்தார், வாத்துகள் வந்து பெருகின, மழை பெய்தால் தண்ணீர் ஏறியது, சாயங்காலம் தண்ணீர் தங்கமாக மாறியது, தங்கம் என்றால் எப்படிப்பா இருக்கும் என்று அவள் கேட்க, வெயிலில் காய்ந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டால் இருக்குமே அந்த மாதிரி என்று அவன் சொல்ல... சில சாயங்காலங்களில் அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது, சுவர் மெல்லக் கரைந்து அவனுக்கே அந்தத் தண்ணீர் தெரிந்திருக்கிறது. கடையில் ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில், இன்றைக்கு ஏரியில் என்ன நடக்கட்டும் என்று யோசிப்பதுதான் அவனுடைய ஓய்வு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு இந்தப் பூச்சு வேலையெல்லாம் வராது, மாத்திரை கசக்கும் என்றால் கசக்கும் என்றே சொல்லிக் கொடுப்பவள். வைத்தியப் பேச்சு வந்த அன்று ஏரியை என்ன செய்வது என்று அவளிடம்தான் கேட்டான். "நீங்க வெட்டின ஏரி, நீங்களே மூடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வைத்தியம் புதுசு. வேறு ஊரில், கண்ணுக்குள்ளே ஊசி போட்டு, இதுவரை ஒரு சில குழந்தைகளுக்குத்தான் செய்து பார்த்திருக்கிறார்களாம், டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொன்னார், வெளிச்சமும் நிழலும் தெரியலாம், அதுக்கு மேலயும் தெரியலாம், ஒண்ணுமே மாறாமலும் போகலாம், ஆனா பண்றதா இருந்தா இந்த வருஷமே பண்ணிடணும், வளர வளரப் பலிக்காது. மனைவி அன்றிலிருந்து ஓய்ந்து உட்காரவில்லை, கடைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடத்து அம்மாக்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்று ஒருவரையும் விடவில்லை, வெட்கத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள். இவனும் கேட்டான். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும், இன்னும் நல்லா அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்தபிறகு தோன்றும், அடுத்த இடத்திலும் அப்படியே இறங்கும். அது கூச்சம் என்று மனைவி நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

"மாமா, எனக்குக் கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல ஏரியத்தான் பாப்பேன்" என்று ரேடியோ சொன்னது. எலக்ட்ரீஷியன் உண்மையை உடைத்துவிடுவான் என்று இவன் காத்திருந்தான், அவனோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமாம்மா, நேத்து ஏரிப் பக்கம் போனேன், தண்ணி நல்லா ஏறியிருக்கு என்று ஒரே போடாகப் போட்டான். வேன் டிரைவருக்கும் நாக்கு அரித்திருக்க வேண்டும், படகுக்குக்கூடப் புதுசா பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க என்று அவன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டான். நன்றியாகத்தானே இருக்க வேண்டும்... இல்லை, சுருக்கென்று கோபம் வந்தது, யாரைக் கேட்டு இவன் பச்சை அடித்தான், அது சிவப்பு, அந்தச் சிவப்புக்காக ஒரு சாயங்காலம் முழுக்க அவள் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றி இதுதான் சிவப்பு என்று காட்டியவன் நான். நல்லது செய்ய வந்தவன்மேல் இப்படியா எரிச்சல் வரும்? வழுக்கைக்காரர் காதை வெட்டிடாதப்பா என்றார். வெட்டவில்லை, ஆனால் கத்திரி அவர் காதுக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் மனைவி போனில் கூப்பிட்டாள். கை ஈரமாக இருந்ததால் எலக்ட்ரீஷியன் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் பிடித்தான். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பிடிபடவில்லை, பிறகு சொன்னாள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் மீதி முழுவதையும் தருகிறார்களாம், டாக்டரம்மாவிடமும் பேசிவிட்டாளாம், அடுத்த மாதமே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்களாம். வேன் டிரைவர் பெஞ்சைத் தட்டினான், வழுக்கைக்காரர் போர்த்திய துணியோடு பாதி எழுந்து இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், யாரோ தோளில் தட்டினார்கள். கண்ணாடியில் எல்லா முகமும் மலர்ந்திருந்தது, தன் முகத்தையும் அந்த வரிசையில் சேர்த்துவிட வேண்டும் என்று அவன் உதட்டை இழுத்தான். உள்ளே எதுவும் மலரவில்லை. மனசுக்குள் எங்கோ, இன்னும் கொஞ்சம் நாள் ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். ஏரி இல்லை என்று தெரிந்தால் அவள் கோபப்படுவாள், அழுவாள், பிறகு சிரித்தாலும் சிரித்துவிடுவாள், அதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவள் தானாகவே ஜன்னலுக்குப் போய்த் தானாகவே பார்த்துக்கொள்கிற ஒரு காலை, தான் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு காலை... இதற்கா குரல் இறங்கிக்கொண்டே இருந்தது? சீ, பெற்ற அப்பனா நீ என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

"ஏன்பா கத்திரி நின்னுடுச்சு?" என்றாள் மகள்.

இத்தனை சத்தத்தில் அது ஒன்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. சந்தோஷத்துலடா செல்லம் என்று சொல்லி அவன் அவசரமாகக் கத்திரியை ஓட்டினான், வெட்ட முடி இல்லாத இடத்தில் வெறும் காற்றை வெட்டினான். அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் கையைத் தொட்டுக் கேட்டாள்.

"மாமா, எங்க அப்பா மூஞ்சி இப்ப எப்படி இருக்கு?"

எலக்ட்ரீஷியன் கண்ணாடியைப் பார்த்தான். இரண்டு பேருடைய கண்களும் அதில் சந்தித்தன. "நல்லா சிரிச்சுட்டு இருக்காரும்மா, வாயெல்லாம் பல்லு" என்றான்.

"ம்" என்றாள் அவள். சண்டை போடாத, மேலே எதையும் கேட்காத, சொன்னவரைச் சங்கடப்படுத்தாத ஒரு ம். அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், தண்ணீர் ஏறியது என்று சொன்னபோதும், வாத்து நொண்டுகிறது என்று சொன்னபோதும் இதேதான், இத்தனை வருஷமாக அவள் அதை நம்பித்தான் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.